பானட்டை வெட்டலாமா? – காற்றுவாயின் வரலாறும் அப்பாவின் காண்டஸாவும்

போன வைகாசியில் தம்பி கம்பத்தில் இருந்து போன் பண்ணினான். "அண்ணே, நம்ம காண்டஸா பானட்டை வெட்டி ஸ்கூப் வைக்கப் போறேன். டிங்கர்கிட்ட பேசிட்டேன். உனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லியே?"

எனக்கு ஆட்சேபம் இருந்தது. அது அப்பாவின் கார். திராட்சை நல்ல விலைக்குப் போன ஒரு வருஷத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 1.8 லிட்டர் இசுசு இன்ஜின் வைத்த காண்டஸா கிளாசிக். அப்பா போன பிறகு அதை ஓட விட்டு வைத்திருப்பதே தம்பிதான். எஃப்.சி., இன்சூரன்ஸ், டயர் எல்லாம் அவன் காசு. ஊருக்கு வந்து போகிற நான், "வெட்டாதே" என்று எந்த உரிமையில் சொல்வது? அதனால், "ஒரு வாரம் பொறு, படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். அப்படிப் படித்ததில் எடுத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

முதலில், ஸ்கூப் என்றால் என்ன? பானட்டின் மேல் துருத்திக்கொண்டு நிற்கும் வாய். வெளிக்காற்றை நேராக ஏர் ஃபில்டருக்குக் கொண்டுபோவது அதன் வேலை. இன்ஜின் ஓட ஓட பானட்டுக்குள் இருக்கும் காற்று சூடாகிவிடும். சூடான காற்று விரிந்த காற்று. ஒரே அளவு இடத்தில் அதன் எடை குறைவு, ஆக்சிஜனும் குறைவு. ஆக்சிஜன் குறைந்தால் எரிக்க முடிகிற பெட்ரோலும் குறையும், இழுவையும் குறையும்.

இந்த யோசனை கார்க்காரர்களுடையது மட்டும் அல்ல. விமானங்களில் இது முன்பே உண்டு. இரண்டாம் உலகப்போர் காலத்து ஸ்பிட்ஃபயர் விமானத்தின் வயிற்றுப் பக்கம் பார்த்தால் கார்புரேட்டருக்குக் காற்று பிடிக்கும் ஒரு வாய் இருக்கும். மணிக்கு 500 கிலோமீட்டரில் பறக்கும்போது எதிர்க்காற்று அந்த வாய்க்குள் தானாகவே அழுந்திப் புகும். கணக்குப் போட்டால் தரைமட்டக் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 11 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். சும்மா வருகிற லாபம்.

அமெரிக்காவில் 1960-களில் மசில் கார் மோகம் வந்தபோது விமானத்தின் இந்த வாய் கார் பானட்டுக்கு வந்தது. வந்ததில் பாதி வேஷம். 1964-ல் வந்த போண்டியாக் ஜி.டி.ஓ.-வின் பானட்டில் இரண்டு ஸ்கூப் இருந்தன, இரண்டுமே மூடிய வாய், அழகுக்கு வைத்தது. 1965 மாடலில் ஒற்றை ஸ்கூப், அதுவும் அலங்காரம்தான். ஆனால் அந்த வருஷமே டீலர் கவுண்டரில் ஒரு கிட் விற்க ஆரம்பித்தார்கள். கார்புரேட்டர்களைச் சுற்றி உட்கார ஒரு தகரத் தட்டு, தட்டுக்கும் பானட்டுக்கும் நடுவே அடைக்க ஒரு ஃபோம் வளையம். வாயை அடைத்திருப்பதைத் திறந்து, பானட்டின் உள்தகட்டை வெட்டிக்கொள்ள வேண்டும். பொம்மை வாய் உண்மையான வாய் ஆகிவிடும். தம்பி கம்பத்தில் செய்ய நினைத்ததும் இதேதான், அறுபது வருஷம் கழித்து.

இதில் கவனிக்க வேண்டியது அந்த ஃபோம் வளையம். ஸ்கூப்பை மட்டும் வைத்துவிட்டு ஏர் ஃபில்டரைத் தனியாக விட்டால், உள்ளே வரும் குளிர்ந்த காற்று பானட்டுக்குள் இருக்கும் சூட்டோடு கலந்துவிடும். ஓட்டைப் பானையில் தண்ணீர் மொண்ட கதை. வாய் முக்கியம் இல்லை, வாயில் இருந்து ஃபில்டர் வரைக்கும் கசியாத வழி முக்கியம்.

அடுத்து வந்தவர்கள் ஆளுக்கொரு வழி பிடித்தார்கள். 1969 மஸ்டாங்கில் ஃபோர்டு வைத்த 'ஷேக்கர்' ஸ்கூப் பானட்டில் ஒட்டியிருக்காது. இன்ஜின் மேலேயே பொருத்தி, பானட்டில் போட்ட ஓட்டை வழியாக வெளியே எட்டிப் பார்க்கும். இன்ஜின் ஆடும்போது அதுவும் ஆடும், அதனால் அந்தப் பெயர். பிளிமத் 'ஏர் கிராபர்' என்று வைத்தது. 1970-ல் அது டிரைவர் சுவிட்சைத் தட்டினால் வாயைத் திறக்கும் மூடியாக மாறியது.

செவர்லே போன வழிதான் எனக்குப் பிடித்தது. அவர்கள் வாயைப் பின்பக்கமாகத் திருப்பினார்கள், முன்கண்ணாடியைப் பார்த்தபடி! முதலில் படித்தபோது அச்சுப் பிழையோ என்று நினைத்தேன். காரணம் இருக்கிறது. பானட்டை ஒட்டி ஓடும் காற்று கண்ணாடியில் மோதி அதன் அடியில் தேங்கும். அங்கே அழுத்தம் கூடும். பல கார்களில் உள்ளே காற்று வருவதற்கான வழியைக் கண்ணாடியின் அடியில் வைப்பதும் இதற்காகத்தான். மாறாக, பானட் தகட்டை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கு மெதுவாக நகரும். அதனால் உயரம் இல்லாத, முன்பார்த்த ஸ்கூப் பல நேரம் வாயைத் திறந்துகொண்டு சும்மா நிற்கும்.

இங்கே நம் ஊருக்கு வருவோம். கம்பத்துக்காரர்களுக்குக் காற்றைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் மேற்கே கேரள மலையில் முட்டுகிற தென்மேற்குக் காற்று, மலை தாழ்ந்த இடம் பார்த்து நம் பள்ளத்தாக்குக்குள் பாயும். தமிழ்நாட்டில் காற்றாலைக்குப் பேர்போன கணவாய்களில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழியோடு கம்பமும் ஒன்று. எங்கே முட்டும், எங்கே புகும் என்பதுதான் ஸ்கூப் விஷயமும்.

காண்டஸாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனின் வாக்ஸால் விக்டர் எஃப்.ஈ. காரின் அச்சுகளை வாங்கி ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் செய்த வண்டி. 1984-ல் அம்பாசடரின் 1.5 லிட்டர் இன்ஜினோடு வந்தது. இவ்வளவு பெரிய உடம்புக்கு சுமார் 50 குதிரைத்திறன். பிறகு இசுசு 1.8 லிட்டர் வந்ததும் 88 ஆனது, ஐந்து கியரும் வந்தது. 2002-ல் உற்பத்தி நின்றது. நீளமான பானட், பின்சக்கர இழுவை என்பதால் இன்றைக்கு 'இந்தியாவின் மசில் கார்' என்று கொண்டாடுகிறார்கள். அமெரிக்க மசில் கார்களில் 300 குதிரைத்திறன் சாதாரணம் என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்!

சரி, வெட்டினால் என்ன கிடைக்கும்? கணக்கு எளிது.

முதல் லாபம் எதிர்க்காற்றின் அழுத்தம். மணிக்கு 100 கிலோமீட்டரில் அது காற்றழுத்தத்தில் 0.4 சதவீதத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். லோயர் கேம்ப் தாண்டி குமுளி மலை ஏறும்போது 30-ல் போவோம், அப்போது 0.04 சதவீதம். விமானத்தில் 11 சதவீதம் தந்த சங்கதி, கொண்டை ஊசி வளைவில் ஒன்றுமே இல்லை.

இரண்டாவது லாபம் குளிர்ச்சி. 60 டிகிரி சூட்டுக் காற்றுக்குப் பதில் 30 டிகிரி வெளிக்காற்று போனால் அடர்த்தி சுமார் 10 சதவீதம் கூடும். 88 குதிரையில் 10 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 9. இது காகிதக் கணக்கு, உச்சவரம்பு. ரோட்டில் அதைவிடக் குறைவாகத்தான் வரும். ஆனாலும் பூஜ்யம் இல்லை. மலை ஏறுகிறவனுக்கு இது பெரிசு. கம்பத்தில் இருந்து ஆயிரம் மீட்டர் உயரத்துக்குப் போனால் காற்று எப்படியும் ஐந்தாறு சதவீதம் மெலிந்துவிடும்.

ஆக, ஸ்கூப்பின் உண்மையான வேலை காற்றைத் திணிப்பது இல்லை, சூட்டில் இருந்து விலக்குவது. இது புரிந்ததும் எனக்கு அடுத்த கேள்வி வந்தது. குளிர்ந்த காற்றுதான் வேண்டும் என்றால் அது பானட் வழியாகத்தான் வர வேண்டுமா?

பதில் 1964-லேயே இருந்தது. டிராக் ரேஸுக்கென்று ஃபோர்டு சுமார் 100 எண்ணிக்கை மட்டும் செய்த ஃபேர்லேன் தண்டர்போல்ட். அதில் நான்கு ஹெட்லைட்டில் உள்பக்கம் இருந்த இரண்டையும் கழற்றிவிட்டு, அந்த ஓட்டைகளில் வலை போட்டு, அங்கிருந்து ஏர் கிளீனருக்கு இரண்டு தடித்த குழாய் இழுத்தார்கள். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் காற்று. அதைவிடக் குளிர்ந்த காற்று காரில் வேறெங்கும் இல்லை.

இன்றைக்கு நம் ரோட்டில் பார்க்கிற 3 லிட்டர் டீசல் ஃபார்ச்சூனரின் பானட் வாய் வேறு ரகம். டர்போ அழுத்திய காற்று கொதிக்கும். அதைக் குளிர வைக்கும் இன்டர்கூலர் இன்ஜின் மேலேயே படுத்திருக்கும். அதற்கு விசிறி விடுவதுதான் அந்த வாய். தம்பிக்கு ஆசை வந்ததே அதைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். டர்போ இல்லாத காண்டஸாவுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

சட்டத்தையும் பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்.சி.யில் இருக்கும் விவரம், கம்பெனி கொடுத்த அமைப்பில் இருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதைவிட என்னை யோசிக்க வைத்தது 2021-ல் வந்த பழமை வாகன விதி. பதிவாகி 50 வருஷம் தாண்டிய, அசல் நிலையிலேயே இருக்கிற வண்டிக்குத் தனிப் பதிவு உண்டு. அப்பா வண்டிக்கு அந்த வயசு வர இன்னும் காலம் இருக்கு. பானட் என்பது அங்காடியில் கிடைக்கிற பொருள் இல்லை, வெட்டினால் வெட்டினதுதான்.

கம்பத்துக்குப் போனேன். தம்பி, நான், இருபது வருஷமாக அந்த வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் பாய், மூணு பேரும் பட்டறையில் உட்கார்ந்தோம். கணக்கைச் சொன்னேன். தம்பி நம்பவில்லை. பாய் தெர்மாமீட்டரின் ஒயரை ஏர் ஃபில்டருக்குள் விட்டு, "ஒரு நடை போய்ட்டு வாங்க" என்றார். குமுளி ஏறி முடிக்கையில் வெளியே 27 டிகிரி, ஃபில்டருக்குள் 58. ஆக, குறை இருப்பது நிஜம், அதில் தம்பி சொன்னது சரி.

"வெட்ட வேணாம் தம்பி, மூக்கால இழுப்போம்" என்றார் பாய். கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்குப் பக்கவாட்டில் இருந்து சூடு தாங்கும் மடிப்புக் குழாய் ஒன்றை ஏர் ஃபில்டரின் மூக்குக்கு இழுத்தார். இரண்டு முனையிலும் கிளிப், முன்வாயில் வலை, மழைத்தண்ணி இறங்கக் குழாயின் தாழ்ந்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டை. எதையும் வெட்டவில்லை, அரை மணியில் கழற்றிவிடலாம்.

பிறகு ஒரு நடை ஓட்டி பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். வெளுத்திருந்தது. காற்று அடர்த்தியானால் கலவையில் பெட்ரோல் விகிதம் குறையும், கார்புரேட்டர் வண்டியில் அதுவாகச் சரிசெய்துகொள்ளாது. ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கினார். அடுத்த நடையில் பிளக் இளம் காப்பி நிறத்தில் வந்தது. இதைச் செய்யாமல் குளிர்காற்று மட்டும் விட்டிருந்தால் இன்ஜின் சூடேறி வால்வு போயிருக்கும் என்றார்.

மறுபடி அதே குமுளி ஏற்றம். ஃபில்டருக்குள் 36 டிகிரி. மூணாவது கியரில் திணறிய இடத்தில் திணறாமல் போனது. பின்சீட்டில் இருந்த அம்மாவுக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. "உங்கப்பா ஓட்டுனாலும் இப்பிடித்தான் போகும்" என்றார்.

தம்பிக்கு மட்டும் இன்னும் குறை. "எல்லாம் சரிண்ணே, வெளியே இருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியலியே" என்கிறான். நியாயம்தான். 1964-ல் போண்டியாக் மூடிய வாய் வைத்து விற்றதும் இந்த ஆசையை நம்பித்தான். கழற்றக்கூடிய பொம்மை ஸ்கூப் ஒன்றை டேப் போட்டு ஒட்டித் தருகிறேன் என்றேன். முறைத்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போனான்.