ரெஜினா பார்சிலாய்

ரெஜினா பார்சிலாய் (பிறப்பு: 1970) அமெரிக்காவின் மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றும் கணினி அறிவியல் பேராசிரியர் ஆவார். மனித மொழிகளைக் கணினி கையாளும் இயற்கை மொழி முறையாக்கத் துறையில் பெயர் பெற்ற இவர், 2014 ஆம் ஆண்டில் தமக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்ட பின்னர், அந்நோயை முன்கூட்டியே கணிக்கும் மென்பொருள்களை உருவாக்கும் ஆய்வில் ஈடுபட்டார். இவரது குழு உருவாக்கிய மிராய் என்னும் மென்பொருள், ஒரு பெண்ணுக்கு அடுத்த ஐந்து ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோய் வரக்கூடிய வாய்ப்பை எக்சு-கதிர்ப் படத்திலிருந்து கணிக்கிறது.

வாழ்க்கை

பார்சிலாய் அன்றைய சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த மல்தோவாவின் கிசினாவ் நகரில் பிறந்தார். 20 ஆவது வயதில் குடும்பத்துடன் இசுரேலுக்குக் குடிபெயர்ந்து, பென் குரியன் பல்கலைக்கழகத்தில் இளநிலை, முதுநிலைப் பட்டங்களைப் பெற்றார். பின்னர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கேத்லீன் மெக்கியோனின் வழிகாட்டலில் ஆய்வு செய்து 2003 இல் முனைவர் பட்டம் பெற்றார். ஒரே நிகழ்வைப் பற்றிய பல செய்திக் கட்டுரைகளைக் கணினியே படித்து, அவற்றிலிருந்து ஒரு சுருக்கத்தை எழுதச் செய்வது அவரது ஆய்வுப் பொருளாகும். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் இருந்த பின் மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார்.

மொழி ஆய்வுகள்

2010 இல் பெஞ்சமின் சினைடர், கெவின் நைட் ஆகியோருடன் இணைந்து, சிரியாவில் வழங்கி மறைந்த உகாரித்து மொழியைக் கணினி கொண்டு வாசிக்கும் முறை ஒன்றை வெளியிட்டார். உகாரித்து மனித அறிஞர்களால் முன்பே வாசிக்கப்பட்டுவிட்ட மொழிதான். எனினும் அதற்கு நெருக்கமான எபிரேய மொழியை மட்டும் துணையாகக் கொண்டு, 30 எழுத்துகளில் 29 எழுத்துகளுக்கு உரிய எபிரேய இணைகளை இம்மென்பொருள் சரியாகக் கண்டறிந்தது. இவரது குழுவின் மற்றொரு மென்பொருள், சிவிலைசேஷன் என்னும் கணினி விளையாட்டின் விளையாட்டுக் கையேட்டைப் படித்துத் தன் வெற்றி விகிதத்தை 46 விழுக்காட்டிலிருந்து 79 விழுக்காட்டிற்கு உயர்த்திக்கொண்டது. ஒழுங்கற்ற உரையிலிருந்து பயனுள்ள செய்தியைப் பிரித்தெடுக்கும் இத்திறனே பிற்கால மருத்துவப் பணிக்கு அடிப்படையாயிற்று.

நோயும் ஆய்வுத் திருப்பமும்

மாசாச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் சிகிச்சை பெற்றபோது, தமக்கிருப்பதைப் போன்ற கட்டி உடைய பிற பெண்களுக்கு எந்தச் சிகிச்சை எவ்வளவு பயன் தந்தது என்று பார்சிலாய் மருத்துவர்களிடம் கேட்டார். நிறைவான விடை கிடைக்கவில்லை. அமெரிக்கப் புற்றுநோயாளிகளுள் மிகச் சிறு பகுதியினரே மருத்துவச் சோதனைகளில் பங்கேற்கின்றனர். சிகிச்சை முடிவுகள் பெரும்பாலும் அச்சிறு பகுதியினரின் தரவுகளைச் சார்ந்துள்ளன. ஏனையோரின் அனுபவம் மருத்துவமனைக் கோப்புகளில் இருந்தது. ஆனால் மருத்துவர்கள் தத்தம் நடையில் எழுதிய உரையாக இருந்தமையால் அதை எண்ணவோ ஒப்பிடவோ இயலவில்லை.

எனவே இவர் முதலில் எடுத்துக்கொண்டது உரையையே. 90,000-க்கும் மேற்பட்ட மார்பக நோயியல் அறிக்கைகளைப் படித்து, கட்டியின் வகை, ஏற்பிகளின் நிலை போன்ற விவரங்களைப் பிரித்தெடுத்துத் தரவுத்தளமாக்கும் மென்பொருளை மருத்துவர்களுடன் இணைந்து உருவாக்கினார்.

அடுத்து, திசு ஆய்வில் ஐயத்திற்குரியவை எனக் கண்டறியப்படும் புண்களை ஆராய்ந்தார். இவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை; ஆயினும் எது புற்றுநோயாகும் எனத் தெரியாததால் பல பெண்கள் அறுவைச் சிகிச்சைக்கு உட்படுகின்றனர். கதிரியலாளர் கான்ஸ்டன்ஸ் லேமன் உள்ளிட்டோருடன் இவர் உருவாக்கிய முறை, 335 புண்களில் சோதிக்கப்பட்டபோது, புற்றுநோயாக இருந்தவற்றுள் 97 விழுக்காட்டை இனங்கண்டது. அதே வேளையில், தேவையற்ற அறுவைச் சிகிச்சைகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைத் தவிர்த்திருக்கலாம் என்றும் காட்டியது.

மிராய்

மேமோகிராம் எனப்படும் மார்பக எக்சு-கதிர்ப் படத்தைப் பார்க்கும் கதிரியலாளர், அதில் இப்பொழுது கட்டி உள்ளதா என்று தேடுகிறார். பார்சிலாய் எழுப்பிய வினா வேறு: கட்டி ஏதும் தெரியாத படத்திலும் வருங்கால நோயின் அறிகுறி இருக்குமா? தமக்கு நோய் உறுதி செய்யப்படுவதற்கு முன் எடுத்த படங்களிலேயே அதன் தடயம் இருந்ததாக இவர் பின்னாளில் நேர்காணல்களில் கூறியுள்ளார்.

அதுவரை வழக்கிலிருந்த டைரர்-கியூசிக் போன்ற கணிப்பு முறைகள் வயது, குடும்ப வரலாறு, இயக்குநீர் தொடர்பான விவரங்கள் முதலியவற்றையே பெரிதும் சார்ந்திருந்தன. பார்சிலாய், அவரது மாணவர் ஆடம் யாலா, லேமன் முதலியோர் 2019 இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 40,000 பெண்களின் 89,000 பரிசோதனைப் படங்களும், பின்னர் அவர்களுள் யாருக்கு நோய் வந்தது என்ற தகவலும் கணினிக்குத் தரப்பட்டன. எதைத் தேட வேண்டும் என்று கூறப்படவில்லை. இம்முறை, பின்னர் புற்றுநோய் கண்டவர்களுள் 31 விழுக்காட்டினரை மிக உயர்ந்த இடர் வகுப்பில் வைத்தது. பழைய முறை 18 விழுக்காட்டினரையே அவ்வாறு வைத்தது.

இதன் மேம்பட்ட வடிவமான மிராய் 2021 இல் வெளியானது. மிராய் என்பது எதிர்காலத்தைக் குறிக்கும் சப்பானியச் சொல்லாகும். இது நான்கு கோணப் படங்களை ஒருசேர ஆராய்ந்து, ஒவ்வோர் ஆண்டிற்குமான இடரைத் தனித்தனியே தருகிறது. குடும்ப வரலாறு போன்ற விவரங்கள் இல்லாதபோது அவற்றைப் படத்திலிருந்தே ஊகித்துக்கொள்கிறது. படமெடுக்கும் கருவி மாறினாலும் முடிவு மாறாதிருக்கப் பயிற்றப்பட்டுள்ளது. பழைய முறைகள் வெள்ளையினப் பெண்களின் தரவுகளைப் பெரிதும் சார்ந்து உருவானவை. கறுப்பினப் பெண்களிடம் அவற்றின் துல்லியம் குறைவு. மிராய் இவ்விரு பிரிவினரிடமும் ஒத்த துல்லியத்தைக் காட்டியதாக ஆய்வு தெரிவித்தது. பின்னர் அமெரிக்கா, இசுரேல், சுவீடன், தைவான், பிரேசில் ஆகிய ஐந்து நாடுகளின் ஏழு மருத்துவ நிறுவனங்களில் 62,000-க்கும் மேற்பட்ட பெண்களின் படங்களைக் கொண்டு இது சோதிக்கப்பட்டது.

எனினும் இச்சோதனைகள் பழைய படங்களைக் கொண்டு நடத்தப்பட்டவை. உயர் இடர் எனக் குறிக்கப்பட்ட பெண்ணுக்குக் காந்த அதிர்வுப் படிமம் போன்ற கூடுதல் சோதனை செய்வதால் உயிரிழப்பு குறையுமா என்பதை இவற்றால் காட்ட இயலாது. அதற்கு நோயாளிகளை முன்னோக்கிப் பல ஆண்டுகள் தொடரும் ஆய்வு வேண்டும்.

மிராய் எதைக் கண்டு கணிக்கிறது என்பதை அதுவே விளக்குவதில்லை என்பது மற்றொரு குறைபாடாகும். டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024 இல் வெளியிட்ட அசிம்மிராய் என்னும் எளிய வடிவம், இடது வலது மார்பகங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை மட்டும் கொண்டு மிராய்க்கு நெருக்கமான துல்லியத்தை அடைந்தது. மிராயின் கணிப்பில் இச்சமச்சீரின்மைக்குப் பெரும்பங்கு இருக்கலாம் என்பதற்கு இது சான்றாகும்.

பிற பணிகள்

2023 இல் வெளியான சிபில், குறைந்த கதிர்வீச்சில் எடுக்கப்படும் ஒரேயொரு மார்பு சி.டி. படத்திலிருந்து ஆறு ஆண்டுகள் வரையிலான நுரையீரல் புற்றுநோய் இடரைக் கணிக்கிறது. புகைபிடித்த வரலாறு உள்ளிட்ட வேறெந்த விவரமும் இதற்குத் தேவையில்லை.

புற்றுநோய்க்கு அப்பால், ஜேம்ஸ் காலின்ஸ் முதலியோருடன் சேர்ந்து 2020 இல் ஆலிசின் என்னும் நுண்ணுயிர் எதிரியை அறிவித்தார். நீரிழிவுக்காக முன்பு ஆராயப்பட்ட இச்சேர்மத்தின் பாக்டீரியக் கொல்லும் திறனைக் கணினியே சுட்டிக்காட்டியது. 2001: எ ஸ்பேஸ் ஒடிசி திரைப்படத்தில் வரும் ஆல் என்ற கணினியின் பெயரே இதற்கு இடப்பட்டது. படத்தில் அக்கணினி விண்வெளி வீரர்களைக் கொல்வதாக வருவதால், மருந்துக்கு இது சற்றே விந்தையான பெயர்தான்.

விருதுகள்

பார்சிலாய்க்கு 2017 இல் மெக்கார்தர் நல்கை வழங்கப்பட்டது. செயற்கை அறிவு மேம்பாட்டுச் சங்கம் தோற்றுவித்த 10 இலட்சம் டாலர் பரிசை 2020 இல் முதலில் பெற்றவரும் இவரே. 2023 இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.