விளக்கை ஏற்றியவருக்கே தீவு சொந்தமா?

சில வாரங்களாக இப்பக்கத்தில் எதுவும் எழுத இயலவில்லை. தேர்வுத்தாள் திருத்தும் காலம் எத்தகையது என்பதை ஆசிரிய நண்பர்கள் அறிவார்கள், பெற்றோர் பொறுத்தருள்வீர்களாக.

சென்ற வாரம் உயர்நிலை வகுப்பில் சிலப்பதிகாரத்துப் புகார் நகரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கலங்கரை விளக்கம் என்ற சொல் அக்காப்பியத்திலேயே இடம்பெறுகிறது. கரைதல் என்றால் அழைத்தல். கலங்களை அழைக்கும் விளக்கு அது என்று விளக்கினேன். நம் கடலுக்கும் அத்தகைய விளக்குகள் உண்டு என்று பெட்ரா பிராங்காவில் உள்ள ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைச் சுட்டிக்காட்டினேன். நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிங்கப்பூர் அந்த விளக்கைப் பராமரித்து வந்ததும், அனைத்துலக நீதிமன்றம் 2008இல் தீவு நமதே என்று தீர்ப்பளித்ததும் பாடநூல் அளவில் மாணவர்களுக்குத் தெரிந்தவை.

பின்வரிசையில் இருந்து ஒரு மாணவன் எழுந்தான். அவன் தந்தை சிராங்கூன் சாலைக்கு அருகில் வாடகைக் கடையில் மளிகை வணிகம் செய்பவர். "ஐயா, எங்கள் கடையை அப்பா முப்பது ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறார். கூரையையும் அவரே பழுதுபார்த்தார். அப்படியானால் கடை எங்களுடையதா?" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தி ஹேக் நகரத்து நீதிபதிகள் பதினாறு பேர் ஆராய்ந்த கேள்வியும் ஏறத்தாழ இதுவேயாகும். அன்று அரைகுறையாகச் சொன்ன விடையை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

பெட்ரா பிராங்கா சிங்கப்பூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 24 கடல் மைல் தொலைவில், நீரிணையின் வாயிலில் உள்ள பாறைத் தீவு. நீளம் 137 மீட்டர். சராசரி அகலம் 60 மீட்டர். மலாய் மொழியில் பூலாவ் பத்து பூத்தே. இரு பெயர்களுக்கும் வெண்பாறை என்பதே பொருள். ஜொகூர்க் கரை அதிலிருந்து 7.7 கடல் மைல்தான். சிங்கப்பூரைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்த 1824ஆம் ஆண்டு உடன்படிக்கை, தீவைச் சுற்றிப் பத்து மைலுக்குள் அடங்கும் கடலையும் சிறு தீவுகளையுமே உள்ளடக்கியது. வெண்பாறை அந்த வட்டத்திற்கு வெளியே கிடந்தது.

அப்பாறைகளில் மோதிக் கப்பல்கள் சிதைந்தன. கம்பெனியின் கடல்வரைபட வல்லுநராகிய ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் 1836இல் மறைந்தபின், அவர் நினைவாக ஒரு கலங்கரை விளக்கம் எழுப்ப வணிகர்கள் நிதி திரட்டினர். 1850ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. 1851 அக்டோபர் 15 அன்று விளக்கு ஏற்றப்பட்டது. கட்டியவர் அரசாங்க நில அளவையாளர் ஜான் தாம்சன். கருங்கல் புலாவ் உபினிலிருந்து வந்தது. (1855இல் ஒளிர்ந்த ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்தைக் கட்டுவதில் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பும் சேர்ந்திருந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இஸ்தானாவும் அவர்கள் கைபட்டவையே. அவர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.)

இனி விளக்கின் எசமானர்களைப் பாருங்கள். முதலில் கிழக்கிந்தியக் கம்பெனி. அவ்வழியே வரும் கப்பல்களிடம் விளக்குத் தீர்வை வசூலிக்க 1852இல் சட்டம் இயற்றியது கல்கத்தா அரசு. 1858இல் கம்பெனி ஆட்சி நீங்கி அரசியாரின் இந்திய அரசு வந்தது. 1867 ஏப்ரல் முதல் நாள் நீரிணைக் குடியேற்றங்கள் கல்கத்தாவின் பிடியிலிருந்து விலகி, இலண்டன் குடியேற்றநாட்டு அலுவலகத்தின்கீழ் வந்தன. 1946இல் சிங்கப்பூர் தனிக் குடியேற்றமாயிற்று; 1963இல் மலேசியாவுடன் இணைந்தது; 1965இல் பிரிந்தது. ஆட்சிகள் கைமாறியபோதெல்லாம் விளக்கும் உடன் கைமாறியது. ஆனால், "இத்தீவை உமக்கு அளித்தோம்" என்று ஜொகூர் எழுதிக் கொடுத்த ஓர் ஏடு மட்டும் எக்காலத்திலும் கிடைக்கவில்லை. 1844இல் ஆளுநர் பட்டர்வொர்த், சுல்தானிடமும் தெமெங்கோங்கிடமும் கலங்கரை விளக்கம் கட்ட இசைவு கேட்டு எழுதிய கடிதங்கள் நீதிமன்றத்தின் முன் வரவேயில்லை. அவர்கள் எழுதிய மறுமொழிகள் மட்டுமே இருந்தன. அவையோ எந்தப் பாறையைக் குறிக்கின்றன என்பதே தெளிவாக இல்லை.

எனவே நீதிமன்றம் முதலில் சொன்னது நம்மில் பலர் மறந்துவிடும் செய்தி. 1844இல் அத்தீவின் உரிமை ஜொகூர் சுல்தானுக்கே இருந்தது என்றது. பிறகு எப்படி மாறிற்று?

1953 ஜூன் 12 அன்று சிங்கப்பூரின் குடியேற்றச் செயலாளர் சார்பில் ஒரு கடிதம் ஜொகூருக்குச் சென்றது: இத்தீவின் நிலை யாது? செப்டம்பர் 21 அன்று ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர் சிறிய மறுமொழி ஒன்றை அனுப்பினார். ஜொகூர் அரசு அத்தீவின் உடைமையைக் கோரவில்லை என்பதே அதன் சாரம். அவருக்கு அவ்வாறு எழுத அதிகாரமே இல்லை என்று மலேசியா வாதிட்டது, நீதிமன்றம் ஏற்கவில்லை. அதன்மேல் பிற சான்றுகளும் சேர்ந்தன. தீவைச் சுற்றி நிகழ்ந்த கப்பல் விபத்துகளைச் சிங்கப்பூர் விசாரித்தது. அங்குச் செல்வோரைக் கட்டுப்படுத்தியது. 1977இல் அதன் கடற்படை அங்கே இராணுவத் தொடர்புக் கருவிகளை நிறுவியது. 1962 முதல் 1975 வரை மலாயாவும் மலேசியாவும் வெளியிட்ட வரைபடங்கள் சிலவற்றில் அத்தீவின் பெயருக்குக் கீழே 'சிங்கப்பூர்' என்றே அச்சிட்டிருந்தது. 1979இல் வந்த புதிய மலேசிய வரைபடம் அத்தீவைத் தன் எல்லைக்குள் காட்டியது. 1980 பிப்ரவரியில் சிங்கப்பூர் எதிர்ப்புத் தெரிவித்தது. அந்நாளுக்குள் உரிமை சிங்கப்பூருக்கு மாறிவிட்டது என்பது தீர்ப்பு. 2008 மே 23. பன்னிருவர் ஒப்ப, நால்வர் மறுத்தனர்.

விளக்கைக் காத்ததனால் மட்டும் தீவு வரவில்லை என்பதற்குச் சான்று மேற்கே இருக்கிறது. பூலாவ் பீசாங் தீவின் கலங்கரை விளக்கத்தையும் சிங்கப்பூரே இயக்கி வந்துள்ளது. ஆனால் அங்கே 1900ஆம் ஆண்டிலேயே ஜொகூர் சுல்தான் விளக்குக்கென நிலம் வழங்கி ஒப்பந்தம் எழுதியிருக்கிறார். நிலம் ஜொகூருக்கு, விளக்கு நமக்கு. 1968இல் அங்கே பறந்த சிங்கப்பூர்க் கொடியை இறக்குமாறு மலேசியா கேட்டது, சிங்கப்பூர் இறக்கியது. பெட்ரா பிராங்காவில் பறந்த கொடியைப் பற்றி மலேசியா அப்போது ஒரு சொல்லும் சொல்லவில்லை. இவ்வேறுபாட்டை நீதிபதிகள் குறித்துக்கொண்டனர். வழக்கு முழுவதிலும் என்னை மிகவும் ஈர்த்தது இந்தக் கொடிக்கதைதான்.

ஒளிக்குப் பதில் வானொலி அலைகள் வழிகாட்டத் தொடங்கிய பின்னும் கேள்வி மாறவில்லை. லோரான் என்ற வானொலி வழிகாட்டு நிலையங்களை அமெரிக்கக் கடலோரக் காவற்படை பல நாடுகளின் மண்ணில் நடத்தியது. 1990களின் முற்பாதியில் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் இருந்தவற்றை விட்டு நீங்கியபோது, சிலவற்றை அந்தந்த நாடுகளே ஏற்றன. நமக்கு அண்மையில், ரியாவ் தீவுகளின் மேலுள்ள வான்வெளியில் விமானங்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு நெடுங்காலம் சிங்கப்பூரிடம் இருந்தது. 2022 ஜனவரியில் பிந்தானில் கையெழுத்தான உடன்பாட்டின்படி எல்லைக்கோடு திருத்தப்பட்டு, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. திருத்திய எல்லைக்குள் ஒரு பகுதியில் 37,000 அடி உயரம் வரையிலான சேவையை 25 ஆண்டுகளுக்கு இந்தோனேசியா மீண்டும் சிங்கப்பூரிடமே ஒப்படைத்தது. இங்கே எல்லாம் எழுத்தில் இருக்கிறது.

பெட்ரா பிராங்காவுக்குத் தெற்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் உள்ள நடுப்பாறைகள் அதே தீர்ப்பில் மலேசியாவுக்குச் சென்றன. அவற்றின்மேல் விளக்கு ஏற்றியவர் எவருமில்லை, ஆகவே பழைய உரிமை பழையபடியே நின்றது. 2017இல் மலேசியா அங்கே ஒரு கடல்தளத்தைக் கட்டி முடித்தது. தீர்ப்பை மறுஆய்வு செய்யுமாறு அவ்வாண்டு அது தொடுத்த மனுவை 2018 மே மாதம் மீட்டுக்கொண்டது.

அடுத்த வாரம் அந்த மாணவனுக்கு இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "அப்பாவிடம் வாடகை ஒப்பந்தம் இருக்கிறது ஐயா, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கிறார்" என்றான். அப்படியானால் உங்கள் கடை பூலாவ் பீசாங் என்றேன்.