வடைமாலை ஏன் கருப்பா இருக்கு?



ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தி முடிஞ்சதும் அந்த வடையைத்தான் பிரசாதமா கொடுக்கிறோம். "இது ஏன் கருப்பா இருக்கு, கருகிடுச்சா?" என்று பிள்ளைங்க கேட்கிறாங்க. சிலர் ஒரு கடி கடிச்சுட்டு குப்பைத் தொட்டியில் போட்டுடறாங்க. அதைக் கூட்டி அள்ளும்போது எங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கு. அதனாலதான் இந்தப் பதிவு.

அது கருகலை. தோல் நீக்காத கருப்பு உளுந்து. இட்லிக்கு ஊற வைக்கிற வெள்ளை உளுந்தும் இதேதான், தோல் போனா வெள்ளை.

உளுந்து நம்ம பாரத மண்ணிலேயே பிறந்த பயிர். சங்க காலத்தில் 'உழுந்து' என்று பேர். அகநானூறு 86ஆம் பாட்டில் வரும் கல்யாண விருந்தில் உழுந்து போட்டுக் குழைய வைத்த சோறு உண்டு. இன்றைக்கும் திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் தோல் உளுந்தில் உளுந்தஞ்சோறு ஆக்கி எள்ளுத் துவையலோடு சாப்பிடுவாங்க. வயசுக்கு வந்த பொண்ணுக்குக் கருப்பட்டி, நல்லெண்ணெய் விட்டு உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பாங்க. பஞ்சாபியர் இதையே முழுசா வேக வைத்து தால் மக்னி செய்யறாங்க.

பேரங்காடியில் டின்னில் விற்கும் 'பிளாக் பீன்ஸ்' வேற, அது அமெரிக்கக் கண்டத்துப் பயறு. சீனர்கள் மீனுக்குப் போடறது உப்பிட்டுப் புளிக்க வைத்த கருப்பு சோயா. சீனாவின் மாவாங்துய் கல்லறையில், சுமார் 2,100 வருஷத்துக்கு முந்தைய ஜாடியிலேயே அது கிடைச்சிருக்கு. ஒவ்வொரு ஜனத்துக்கும் ஒரு கருப்புப் பயறு. நமக்கு உளுந்து.

சிங்கப்பூருக்கு அது கப்பலில்தான் வரணும். 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் அரிசிக்கே பஞ்சம். மரவள்ளிக்கிழங்கு தின்னு உயிர் பிழைச்சாங்க நம்ம பெரியவங்க. சிராங்கூன் ரோட்டில் மளிகை வியாபாரம் செய்த பி.ஜி.பி. கோவிந்தசாமி பிள்ளை, ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலுக்குக் கல்யாண மண்டபம் கொடுத்தார். கடைத்தெருவும் கோயிலும் இங்கே ஒண்ணாத்தான் வளர்ந்தது.

நவதானியத்தில் உளுந்து ராகுவுக்கு உரியது. குழந்தை ஆஞ்சநேயர் சூரியனைப் பிடிக்கப் பாய்ந்தபோது ராகுவை வென்றார், அதனால் அவருக்கு உளுந்து படைத்தால் ராகு தோஷம் விலகும் என்பது ஐதீகம். மாலை வடையில் வெங்காயம் கிடையாது. கொஞ்ச நேரம் ஊறினால் போதும். தண்ணி விடாமல் கொரகொரன்னு அரைத்து, மிளகு, உப்பு போட்டு, தட்டையா தட்டி நடுவில் ஓட்டை போட்டு, மொறுமொறுன்னு பொரிக்கணும். அப்போதான் நூலில் கோத்தாலும் உடையாது, நாலு நாள் கெடாது.

108 வடை தட்ட நாலு கையாவது வேணும். இப்போ தட்டறவங்க எல்லாம் அறுபதைத் தாண்டியவங்க. தோல் நீக்கின உளுந்து சுலபம், அதுக்கே மாறிடலாம் என்ற பேச்சும் வருது. மாத்தணுமா என்று நீங்களே சொல்லுங்க. அதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை பிள்ளைங்களோடு மடப்பள்ளிப் பக்கம் வாங்க. தட்டக் கத்துத் தர்றோம். பிரசாத வடை கையில் கிடைச்சா முழுசா சாப்பிடுங்க.

ஜெய் ஆஞ்சநேயா.