இரண்டாவது இயங்குதளம்: அழுத்துவதற்கு முன் அறிய வேண்டியவை

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் தொடர் போராட்டத்தில் நான் பதிவுசெய்த குரல்கள் என் பழைய மடிக்கணினியில் இருக்கின்றன. அவற்றில் இரண்டு இல்லை. முதன்முதலாக லினக்ஸ் நிறுவியபோது, "வன்தட்டை அழித்து நிறுவு" என்ற தெரிவை வாசிக்காமலே அழுத்திவிட்டேன். பென்டிரைவில் இருந்தவை தப்பின. பறிபோன இரண்டில், ஓர் அம்மா மறுபடியும் பேசினார். மற்றவர் அதற்குள் இறந்துபோயிருந்தார்.

விண்டோஸ் 10 இற்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். பல பழைய கணினிகளில் அது இல்லை. அதற்காகக் கணினியை எறியத் தேவையில்லை. விண்டோஸை வைத்துக்கொண்டே, இணையத் தேவைகளுக்கு லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் பக்கத்தில் நிறுவலாம். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய ஆவணங்களும் அப்படியே இருக்கும்.

முதலில் எந்த வகை என்று பாருங்கள்

விண்டோஸில் 'சிஸ்டம் இன்பர்மேஷன்' என்று தேடித் திறந்து, 'பயோஸ் மோட்' என்ற வரியைப் பாருங்கள். 'லெகசி' என்றிருந்தால் பழைய முறை, 'யூ.இ.எப்.ஐ.' என்றிருந்தால் புதிய முறை.

பழைய கணினிகள்

இவற்றின் வன்தட்டு பெரும்பாலும் எம்.பி.ஆர். முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். அதில் நான்கு முதன்மைப் பிரிவுகள் மட்டுமே சாத்தியம். நான்கும் ஏற்கெனவே நிரம்பியிருந்தால், "விண்டோஸுடன் சேர்த்து நிறுவு" என்ற தெரிவு வராமற்போகலாம். அப்போது அவசரப்பட்டு 'அழி' என்பதை அழுத்தாதீர்கள். விண்டோஸை முதலிலும் லினக்ஸைப் பிறகும் நிறுவுங்கள். பின்னால் வரும் விண்டோஸ், தொடக்க நிரலை மேலெழுதிவிடும். லினக்ஸ் மின்டுக்குக் குறைந்தது 2 ஜிகாபைட் ரேம் வேண்டும், 4 இருந்தால் நல்லது.

புதிய கணினிகள்

இங்கே ஜி.பி.டி. முறை இருப்பதால் பிரிவுகளுக்குத் தட்டுப்பாடு இல்லை. ஒவ்வொரு இயங்குதளத்தின் தொடக்கக் கோப்புகளும் ஒரே இ.எப்.ஐ. பிரிவில் தனித்தனிக் கோப்புறைகளில் இருக்கும். அந்தப் பிரிவை அழிக்கக் கூடாது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பிட்லொக்கர் குறியாக்கம் நீங்கள் அறியாமலே இயங்கிக்கொண்டிருக்கலாம். தொடக்க அமைப்பில் கை வைத்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லையென்றால் கோப்புகளைத் திறக்க முடியாது. எனவே சாவியை முதலில் தாளில் எழுதி வையுங்கள். விண்டோஸின் 'பாஸ்ட் ஸ்டார்ட்டப்' வசதியையும் நிறுத்துங்கள். அது இயங்கினால் விண்டோஸ் முழுமையாக அணையாது. லினக்ஸிலிருந்து அந்தப் பிரிவில் எழுதுவது ஆபத்து.

செய்யும் ஒழுங்கு

1. முக்கியமான கோப்புகளை வெளி வன்தட்டில் பிரதி எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள்.
2. 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' மூலம் விண்டோஸ் பிரிவைச் சுருக்கி இடம் ஒதுக்குங்கள். குறைந்தது 20 ஜிகாபைட். 100 இருந்தால் தாராளம்.
3. ரூபஸ் போன்ற மென்பொருளால் லினக்ஸை வெற்றுப் பென்டிரைவில் ஏற்றுங்கள். அதிலிருந்த அனைத்தும் அழியும்.
4. பென்டிரைவிலிருந்து தொடங்கி, நிறுவாமலே ஒரு நாள் பாவித்துப் பாருங்கள். வைஃபை, ஒலி, தமிழ்த் தட்டச்சு எல்லாம் சரியா என்று தெரிந்துவிடும்.
5. பிறகு நிறுவுங்கள். ஒவ்வொரு திரையையும் இரண்டு தடவை வாசியுங்கள்.

இடம்பெயர்வில் அல்பங்களை இழந்த வீடுகளில், மிஞ்சிய ஒரே படம் இன்று ஒரு வன்தட்டில் இருக்கலாம். முதலாவது படியைச் செய்யாமல் இரண்டாவதுக்குப் போகாதீர்கள்.