மாஸ்கோ ஹெல்சின்கி குழு
1975 ஆகஸ்ட் 1 அன்று பின்லாந்தின் ஹெல்சின்கி நகரில் 35 நாடுகள் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. எல்லைகளை உறுதிப்படுத்துவதையே சோவியத் அரசு பெரிதாக எண்ணியது. மனித உரிமைப் பகுதியைப் பொருட்படுத்தவில்லை. ஆயினும் முழு உரையையும் பிராவ்தா நாளிதழில் வெளியிட்டது! அதைப் பிடித்துக்கொண்ட இயற்பியலாளர் யூரி ஓர்லோவ், 1976 மே மாதம் தம்மோடு சேர்த்து 11 பேர் கொண்ட கண்காணிப்புக் குழுவை அமைத்தார். கருத்துச் சொன்னதற்காக நடந்த கைதுகளையும் வீட்டுச் சோதனைகளையும் கார்பன் தாள் வைத்துத் தட்டச்சிட்டு வெளிநாடுகளுக்கு அனுப்பினர். அரசு தானே அச்சிட்ட வாக்குறுதியைத்தான் அவர்கள் நினைவூட்டினர் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். 1978இல் ஓர்லோவுக்கு 7 ஆண்டு முகாம் சிறையும், அதன்பின் 5 ஆண்டு தொலைதூரக் கட்டாயக் குடியிருப்பும் விதிக்கப்பட்டன. அதே ஆண்டு நியூயார்க்கில் ஹெல்சின்கி வாட்ச் தோன்றியது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு அதிலிருந்து வளர்ந்ததே. மாஸ்கோவிலோ, 1982இல் சிறைக்கு வெளியே எஞ்சியவர் மூவர்தாம். அந்தச் செப்டம்பரில் குழு கலைக்கப்பட்டது.