இரண்டாமவன் களம் புகும் வேளை

அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் கால்பந்து என்று வழங்குவது நாம் காலால் உதைத்து ஆடும் பந்தாட்டம் அன்று. நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி ஓடியும், கூட்டாளிக்கு எறிந்தும், பக்கத்துக்குப் பதினொருவராக மோதிக்கொண்டு, நூறு கஜ நீளக் களத்தில் அங்குலம் அங்குலமாக நிலம் பிடிக்கும் ஆட்டம் அது. அந்தப் பதினொருவரில் பந்தை முதலில் கையில் வாங்கி, அதை யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது, தானே கொண்டு ஓடுவதா என்பதையெல்லாம் கணப்பொழுதில் நிர்ணயம் செய்பவன் குவார்ட்டர்பேக். அவன் ஒருவனே களத்தில் இருக்க, அவனுக்கு அடுத்த நிலையில் உள்ள இரண்டாமவனும் மூன்றாமவனும் வாரம் முழுவதும் அவனைப் போலவே பயிற்சி செய்துவிட்டு, ஆட்ட நாளான சனிக்கிழமையன்று எல்லைக்கோட்டருகே தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இவர்களை எப்போது களத்தில் இறக்குவது என்ற வினாவுக்கு விடை, பயிற்சியாளரின் தாராள மனத்திலிருந்து பிறந்ததைக் காட்டிலும் ஆட்டவிதிகளின் நிர்ப்பந்தத்திலிருந்து பிறந்ததே அதிகம் என்பது, அவ்விதிகளின் சரித்திரத்தைப் புரட்டுவோருக்கு விளங்காமற் போகாது.

யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த வால்ட்டர் கேம்ப் என்பவரின் முயற்சியால் 1880ஆம் ஆண்டில்தான் அணிக்குப் பதினொருவர் என்ற கணக்கும், பந்தைப் பின்னுக்குத் தள்ளி ஆட்டத்தைத் தொடங்கும் முறையும், அந்தப் பந்தை வாங்கும் குவார்ட்டர்பேக்கின் ஸ்தானமும் ஏற்பட்டன. அக்காலத்தில் களத்தை விட்டு வெளியேறியவன் மீண்டும் உள்ளே வரலாகாது. ஆகையால் எலும்பு முறிந்தாலன்றி எவனும் வெளியேறியதில்லை, எவனும் புதிதாகப் பிரவேசித்ததுமில்லை. பின்னர் விதி சிறிது சிறிதாக இளகி, வெளியேறியவன் ஆட்டத்தின் பிற்பகுதியில் திரும்பலாம் என்ற நிலை வந்தது. ஆயினும் ஆட்டத்தின் மூளையாக விளங்குபவனை வெளியே அழைத்துவிட்டு, அவசரத்துக்குத் திரும்ப அழைக்க முடியாமல் தவிக்க எந்தப் பயிற்சியாளர்தாம் துணிவார்?

இதற்கு மேலும் ஒரு தடை இருந்தது. எல்லைக்கோட்டில் நின்று பயிற்சியாளர் களத்திலிருப்போருக்கு யோசனை சொல்வது அந்நாளில் குற்றம். புதிதாக உள்ளே அனுப்பப்பட்டவன் வழியாகச் செய்தி போய்விடக் கூடாதென்று, அவன் ஒரு தடவை பந்தெடுத்தாடி முடியும்வரை வாய் திறக்கவே கூடாதென்றும் விதித்திருந்தார்கள். சேறு படிந்த முகங்களோடு பத்துப்பேர் குனிந்து வட்டமாகக் கூடி நிற்க, துவைத்த சட்டையோடு ஓடிவந்து நடுவே நுழைந்த ஒருவன், நெஞ்சு படபடக்க, மௌனமாக மற்றவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற காட்சியை நினைத்துப் பார்க்கும்போது, அக்காலத்து இரண்டாமவனுடைய சங்கடம் இன்னதென்று தெரிகிறது. ஆட்டத்தை நடத்த வேண்டியவன் அவன். ஆனால் பேச உரிமையில்லை.

உலக யுத்தம் இந்த நிலையை மாற்றியது. வாலிபர்கள் படைகளுக்குப் போகும் காலம் நெருங்கியபடியால், 1941இல் ஆட்டக்காரர்களை விருப்பம்போல் மாற்றலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. அந்தத் தளர்வின் முழுப் பயனையும் முதலில் கண்டுகொண்டவர் மிச்சிகன் சர்வகலாசாலையின் பயிற்சியாளர் ஃபிரிட்ஸ் கிரிஸ்லர். 1945 அக்டோபரில், நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில், பெரும்பாலும் அநுபவமில்லாத இளைஞர்களைக் கொண்டு, பேர்பெற்ற ஆட்டக்காரர்களான பிளாஞ்சர்டும் டேவிஸும் இருந்த ராணுவக் கல்லூரியின் மகாபலம் பொருந்திய அணியை எதிர்க்க நேர்ந்த அவர், தாக்குவதற்கு ஒரு கூட்டத்தையும் தடுப்பதற்கு வேறொரு கூட்டத்தையும் மாற்றி மாற்றி அனுப்பினார். மிச்சிகன் 28க்கு 7 என்று தோற்றது. ஆனால் வென்ற ராணுவக் கல்லூரியின் பயிற்சியாளர் பிளைக்கே அந்த உபாயத்தைத் தமதாக்கிக்கொண்டார். ஆட்டக்காரர் தொகை பெருகியது, செலவு பெருகியது. சிறு கல்லூரிகள் பல ஆட்டத்தையே கைவிட்டன. அதனால் 1953இல் மாற்றும் உரிமை மறுபடியும் குறுக்கப்பட்டது.

குறுக்கப்பட்ட அந்தக் காலத்தில்தான், இரண்டாமவனுக்கு நியாயம் செய்த ஒரு பயிற்சியாளரைச் சரித்திரம் நமக்குக் காட்டுகிறது. 1958இல் லூயிசியானா மாநிலச் சர்வகலாசாலையின் பால் டயட்ஸெல் தம் மாணவர்களை மூன்று தனி அணிகளாகப் பிரித்தார்: இரு வேலையும் தெரிந்த வெள்ளை அணி, தாக்குதலுக்கென்றே ‘கோ’ அணி, தடுப்பதற்கென்றே ‘சைனீஸ் பேண்டிட்ஸ்’ என்று சித்திரக் கதையிலிருந்து பெயர் சூட்டப்பட்ட மூன்றாவது அணி. தனி ஒருவனை மாற்றினால் அவனைத் திரும்ப அழைப்பது அருமை என்பதால், அணியோடு அணியை மாற்றினார். வெள்ளை அணிக்கு வாரன் ராப் குவார்ட்டர்பேக். ‘கோ’ அணிக்கு துரெல் மாதர்ன். வேறெங்காவது இருந்தால் ஆண்டு முழுவதும் வேடிக்கை பார்த்திருக்கக்கூடிய மாதர்ன், இங்கே ஒவ்வொரு வாரமும், வெற்றி தோல்வி நிச்சயமாகாத வேளையிலேயே, தனக்கென்று ஓர் அணியை நடத்தினார். அந்த ஆண்டு அவர்கள் பதினோர் ஆட்டத்திலும் வென்று தேசியப் பட்டம் பெற்றார்கள். மாற்றாட்டக்காரனுக்கு வாய்ப்புத் தருவது தர்ம காரியமன்று, வெற்றிக்கே அது சாதனம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

1965இல் தடைகள் பெரும்பாலும் நீங்கின. இனி இரண்டாமவன் பாடு கொண்டாட்டந்தான் என்று எவரும் எண்ணியிருப்பர், நடந்ததோ நேர்மாறு. எப்போது வேண்டுமானாலும் இறக்கலாம் என்றான பிறகு, கடைசி நேரத்துக்கு ஒத்திப்போடுவதே சம்பிரதாயமாயிற்று. பத்திரிகையாளர் வாக்களிக்கும் தரவரிசை 1936 முதலே உண்டு. பின்னாளில் கணிப்பொறிகளும் அந்த வேலையில் சேர்ந்தன. வெற்றியின் அளவையும் தரவரிசைக்குக் கணக்கிட்டபடியால், முப்பது புள்ளி முன்னே இருந்தும் முதலாமவனை வெளியே எடுக்கத் தயங்கினார்கள். கணிப்பொறிக் கணக்கிலிருந்து அந்த அளவு முழுவதும் நீக்கப்பட்டது 2002இல்தான். இறுதி நான்கு நிமிஷத்தில், எறிபவனைக் காக்கும் இரண்டாந்தர வரிசையை முன்னே நிறுத்தி, “பந்தை எறியாதே, ஓடுபவனிடம் கொடுத்துக் கடிகாரத்தை ஓட்டு” என்று சொல்லி அனுப்பப்படும் இளைஞன் அங்கே எதைக் கற்கிறான்? கரையில் உட்கார்ந்து நீச்சல் பழகுவதற்கும் இதற்கும் பேதமில்லை. மூன்றாம் கால்பகுதியின் நடுவிலேயே, முதல்தரக் காப்பு வரிசை இன்னும் களத்தில் இருக்கும்போதே, எறிவதற்குப் பூரண அநுமதியோடு அவனை இறக்குவதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். தோற்கும் பக்கத்தை மேலும் அவமதிக்கலாகாது என்று சிலர் ஆட்சேபிப்பர். 1916இல் ஜார்ஜியா டெக் அணி கம்பர்லண்ட் கல்லூரியை 222க்கு 0 என்று நொறுக்கிய கொடுமையை நினைத்தால் அந்த ஆட்சேபம் அற்பமானதன்று. ஆனால் எதிராளிக்குக் காட்ட வேண்டிய கருணையை, முதலாமவனை வெளியே அழைப்பதன் மூலம் பயிற்சியாளர் காட்டட்டும். மாதக்கணக்கில் காத்திருந்த மாணவனின் கையைக் கட்டி ஏன் காட்ட வேண்டும்?

மூன்றாமவன் கூடத் தேவைப்படுவான் என்பதை 2014ஆம் ஆண்டின் ஒஹையோ மாநிலச் சர்வகலாசாலை உணர்ந்தது. பிராக்ஸ்டன் மில்லருக்கு ஆகஸ்டிலேயே தோள் போயிற்று. அடுத்து வந்த ஜே.டி. பாரெட்டுக்கு நவம்பர் இறுதியில், மிச்சிகனோடு ஆடுகையில், கணுக்கால் முறிந்தது. மிஞ்சியவர் கார்டேல் ஜோன்ஸ். முன்பு வெற்றி நிச்சயமான ஆட்டங்களின் கடைப்பகுதியில் மட்டும் களம் கண்டிருந்த அவர், முதலிலிருந்து நடத்திய முதல் ஆட்டத்தில் விஸ்கான்சினை 59க்கு 0 என்று வென்று, பின் அலபாமாவையும் ஆரிகனையும் வென்று தேசியக் கோப்பையைக் கொண்டுவந்தார்.

2018இல் புதிய விதி ஒன்று பிறந்தது: நான்கு ஆட்டங்கள்வரை ஆடினாலும், மாணவனுக்குரிய ஆட்டத் தகுதியில் ஓராண்டு கழியாது. இளையவர்களைத் தயங்காமல் களத்தில் இறக்கட்டும் என்பதே அதன் நோக்கம். அந்த முதல் பருவத்திலேயே கிளெம்ஸன் சர்வகலாசாலையில் அது வேறுவிதமாகப் பலித்தது. பயிற்சியாளர் டேபோ ஸ்வின்னி மூத்த மாணவர் கெல்லி பிரையன்டையும் முதலாண்டு மாணவர் டிரெவர் லாரன்ஸையும் நான்கு ஆட்டங்களில் மாற்றி மாற்றி ஆடவிட்டு, முடிவில் லாரன்ஸைத் தேர்ந்தார். நான்கோடு நிறுத்தினால் தகுதி மிஞ்சும் என்று கண்ட பிரையன்ட், அந்த வாரமே அணியை விட்டு விலகினார். அடுத்த ஆட்டத்தில், சைரக்யூஸுக்கு எதிராக, லாரன்ஸ் இரண்டாம் கால்பகுதியில் அடிபட்டு வெளியேறினார்.

எஞ்சி நின்றவர் சேஸ் பிரைஸ். அணி மூன்று புள்ளி பின்தங்கியிருக்க, தன் கோட்டிலிருந்து ஆறே கஜத்தில் பந்து கிடக்க, முன்னே 94 கஜம் நீண்டுகிடந்தது. நடுவழியில், நான்காவதும் கடைசியுமான முயற்சியில், பந்தை இழக்காதிருக்க ஆறு கஜம் வேண்டியிருந்தபோது, பிரைஸ் கூட்டாளி டீ ஹிக்கின்ஸுக்கு 20 கஜம் எறிந்தார்; உடனே தாமே பந்தைக் கொண்டு 17 கஜம் ஓடினார். கடைசியில் அணியின் ஓட்டக்காரர் டிராவிஸ் எட்டியன் பந்தோடு கோடு தாண்டியபோது ஆட்டத்தில் மிஞ்சியிருந்தது 41 விநாடி. முடிவு 27க்கு 23. அந்தப் பருவத்தின் பதினைந்து ஆட்டங்களிலும் கிளெம்ஸன் வென்றது.

லாரன்ஸ் குணமாகித் திரும்பியதும் பிரைஸ் மீண்டும் எல்லைக்கோட்டுக்குப் போனார். 2020இல் டியூக் சர்வகலாசாலைக்கும், மறு ஆண்டில் ஆப்பலாச்சியன் மாநிலச் சர்வகலாசாலைக்கும் மாறினார். 2022 செப்டம்பரில், டெக்ஸஸ் ஏ அண்ட் எம் அணியை அதன் சொந்தக் களத்திலேயே ஆப்பலாச்சியன் 17க்கு 14 என்று வென்ற அன்று, முதலிலிருந்து ஆட்டத்தை நடத்தியவர் அவர்தாம்.