மஞ்சாவை எங்கே வெட்டுவது?

புத்தளம் நகரத்திலிருந்து அவ்வளவு தூரமில்லாத ஊர் சிறாம்பியடி. ஊர்ப் பெயர் தமிழ். அங்கே வாழும் ஆபிரிக்க வம்சாவளிக் குடும்பங்கள் இன்று கதைப்பது சிங்களம். ஆனால் அவர்கள் பாடும் மஞ்சாப் பாட்டு இந்த இரண்டு மொழியிலும் இல்லை. அது போர்த்துக்கேயக் கிரியோல். பேச்சில் அந்த மொழி கிட்டத்தட்ட முடிந்துபோய்விட்டது, பாட்டில்தான் மிச்சம் இருக்கு.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று மூன்று பேருமே ஆபிரிக்கர்களை இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள், சிலரை அடிமைகளாக, சிலரைப் படையாட்களாக. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தங்கள் ஆபிரிக்கப் படைப்பிரிவைக் கலைத்தபோது புத்தளத்தில் இருந்தவர்கள் இங்கேயே தங்கினார்கள். ‘காப்பிரி’ என்ற பெயர் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. தென்னாபிரிக்காவில் அதே சொல் மிக மோசமான வசை. (எங்கட பாடப்புத்தகங்களில் இவர்களைப் பற்றி நாங்கள் படித்த ஞாபகமே இல்லை.)

மஞ்சாவுக்குப் பெரிய வாத்தியங்கள் தேவையில்லை. றபான், தேங்காய்ச் சிரட்டை, கரண்டி, நாணயத்தால் தட்டும் கண்ணாடிப் போத்தல், இவ்வளவுதான். தாளம் ஆறு தட்டு, மும்மூன்றாக. ஆரம்பம் மெதுவாக இருக்கும். போகப்போக வேகம் ஏறும், ஆடுகிறவர்களும் கூடவே ஏறுவார்கள். இதற்கு நெருங்கிய உறவான கஃப்ரிஞ்ஞா தாளத்தை எடுத்துத்தான் 1940களில் வொலி பெஸ்ரியன் சிங்களப் பைலாவை உருவாக்கினார். 1960களின் பிற்பகுதியில் நித்தி கனகரத்தினம் தமிழில் பாடி ஊரெல்லாம் ஆடவைத்ததும் அந்தத் துள்ளலில்தான். கலியாண வீட்டில் நாங்கள் ஆடுகிற ஆட்டத்துக்குள் சிறாம்பியடியும் இருக்கு.

இனி மெசினுக்கு வருவோம். 1988இல் ரோஜர் லின் வடிவமைத்து அக்காய் நிறுவனம் வெளியிட்ட எம்.பி.சி. 60 என்ற பெட்டியில் 16 இறப்பர் பேட்கள். அதன் நினைவகத்தில் அடங்கியது 13 செக்கன் சத்தம் மட்டும். ஒரு பழைய இசைத்தட்டிலிருந்து துண்டு வெட்டி, ஒவ்வொரு பேடிலும் ஒரு துண்டைப் போட்டு, விரலால் தட்டிப் புதுப் பாட்டு செய்யலாம். இடையில் கொஞ்சக்காலம் இந்த எம்.பி.சி.கள் கம்பியூட்டரோடு கட்டிப்போடப்பட்டிருந்தன. 2017இல் வந்த எம்.பி.சி. லைவ், எம்.பி.சி. எக்ஸ் இரண்டும் திரும்பவும் தனியே இயங்கத் தொடங்கின. 2019இல் வந்த ஃபோர்ஸில் எட்டுக்கு எட்டாகப் பேட்கள். ஒரு நிரல் ஒரு ட்ராக், ஒரு கட்டம் ஒரு கிளிப்.

எங்கட ஆட்களும் இப்படியான பெட்டிகளில் வேலை செய்திருக்கிறார்கள். மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., 2005இல் வந்த ‘அருளர்’ இசைத்தொகுப்புக்கான முதல் பாட்டுகளைச் செய்தது ரோலண்ட் எம்.சி. 505 என்ற ஒரேயொரு பெட்டியில். 2007இல் வந்த ‘காலா’வுக்காக அவர் தமிழ்நாட்டு உறுமி மேளத்தைப் பதிந்தார்.

ஆனால் இந்தப் பெட்டிகளுக்குள் நேரம் பற்றிய ஒரு தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கு. புது வேலை தொடங்கினால் 4/4 தாளமும் ஒரே வேகமும் தானாக வந்து நிற்கும். குவாண்டைஸ் போட்டால் பிந்திய தட்டையும் முந்திய தட்டையும் இழுத்துக் கட்டத்தில் நிறுத்தும். டிட்ரோயிட்டின் ஜே டில்லா அந்த வசதியை நிறுத்திவிட்டுக் கையால் தட்டினார். அவருடைய எம்.பி.சி. இன்று வொஷிங்ரனில் உள்ள ஆபிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கு.

பாடியவர்களிடம் கேட்டு, தொலைபேசியில் பதிந்த ஒரு மஞ்சாவை நாங்கள் இப்படியான பெட்டியில் போட்டுப் பார்த்தோம். முதலில் 6/8க்கு மாற்றினோம். நாலு பார் வெட்டி லூப் செய்தால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு தடக்கல். காரணம் எளிது, நாலாவது பார் முதலாவதைவிட வேகம். வார்ப் போட்டால் தடக்கல் போகும், கூடவே அந்த ஏற்றமும் போகும். மிஞ்சுவது எந்த பஸ்ஸிலும் கேட்கிற பைலா. இன்னொரு சிக்கலும் இருந்தது. பார் முடிகிற இடத்தில் சொல் முடிவதில்லை. நாங்கள் வெட்டிய இடத்தில் ஒரு கிரியோல் சொல் பாதியாய் நின்றது. எங்கள் யாருக்கும் அந்தச் சொல் விளங்காது. பாடியவர்களில் இளையவர்களும் அர்த்தம் முழுக்கத் தெரியாமல்தான் பாடுகிறார்கள். அப்படியிருக்க அதைப் பாதியாய் வெட்டி உலகத்துக்கு அனுப்ப எங்களுக்கு என்ன உரிமை?

நண்பர் ஒருவர், “துண்டு போனால்தானே நாலு பேர் கேட்பாங்கள், முழுசை ஆர் கேக்கிறது?” என்றார். அதிலும் நியாயம் இருக்கு. பைலாவே அப்படி எடுத்த துண்டுதான். ஆனால் பைலா பரவியபோது மஞ்சா பாடியவர்களின் பெயர் கூடவே போகவில்லை.

இப்போதைக்கு நாங்கள் செய்திருப்பது இதுதான். பாட்டு முழுவதும் ஒரே ட்ராக்கில், ஒரே கிளிப்பாக, வார்ப் இல்லாமல். சிரட்டை, போத்தல், றபான் ஆகியவற்றின் ஒற்றைத் தட்டுகள் மட்டும் தனித்தனிப் பேட்களில். அவற்றைக் கட்டத்தில் பூட்டாமல் பதிவோடு சேர்த்துக் கையால் தட்டுகிறோம். கிளிப்புக்குப் பெயர் வைக்கச் சொல்லிப் பெட்டி கேட்டது. ஊர்ப் பெயர், பாடியவர்கள் சொன்ன பெயர்கள், பதிந்த திகதி மூன்றையும் போட்டோம். திரையில் முதல் பாதிதான் தெரிகிறது, “சிறாம்பியடி” வரை.